அந்த ஒன்றை ஏன் கழித்தார்கள்?

சென்ற மாதம் ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். கதை எழுதுகிறவனைக் கல்லூரி விழாவுக்கு அழைப்பது கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதைப் போன்றது. அதனால் சமையலும் ஆகாது, தாலியும் ஏறாது; இல்லாவிட்டால் மட்டும் வாசல் வெறிச்சென்றிருக்கும். நானும் வாழைமரமாக நின்றேன். எனக்கு முன்னால் பேசிய கனவான் கம்ப்யூட்டர்த் துறையில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். அவர் பேச்சின் சாரம் இது:

"உங்கள் தகப்பனார் காலத்தில் லாக் டேபிள் என்று ஒரு புத்தகம் இருந்தது. வேதப் புத்தகம் மாதிரி அதைச் சுமந்துகொண்டு பரீட்சைக்குப் போவார்கள். யந்திரம் அதைக் கொன்றுவிட்டது. இன்றைக்கு ஓர் எண்ணின் அடுக்கு வேண்டுமானால் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு எதற்கு? சோறு வேண்டியவன் உழவனின் ஜாதகத்தையா கேட்கிறான்? அந்தப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் போகிப் பண்டிகைக்குக் கொளுத்துங்கள்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள்; மாலையோடு சண்டை போட முடியுமா? மேடையில் வாயை மூடிக்கொண்டு வந்து பத்திரிகையில் வாயைத் திறப்பது எழுத்தாளர்களின் பழைய வழக்கம். அதன்படி இதோ திறக்கிறேன்.

ஐயா, நீங்கள் புகழ்ந்த யந்திரத்துக்கு அடுக்கு போடத் தெரியாது. நீங்கள் கொளுத்தச் சொன்ன புத்தகத்தைத்தான் அது வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பிழைக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு கதை வந்து பிடித்துக்கொண்டது, படிப்பு விட்டுவிட்டது. என் கணித ஞானம் லாக் டேபிளோடு நின்றுபோனது. ஆனால் என் அக்காள் மகன் எஞ்சினீயரிங் படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் தன் பரிசோதனைக்கூட நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"அடுக்கு கண்டுபிடிக்க அசெம்பிளி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன் மாமா. இந்தச் சில்லு இரண்டின் அடுக்கை நேராகச் சொல்லமாட்டேன் என்கிறது. ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறது. ஏன் என்று சாரைக் கேட்டேன். 'அது சிலபஸில் இல்லை, எழுதிக்கொண்டு போ' என்கிறார்."

"ஒன்றைக் கழித்தா? அது என்ன, எடைக்கு எடை குறைக்கும் மளிகைக் கடையா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு மூன்று நாள் இருவரும் உட்கார்ந்து அந்த விஷயத்தைக் குடைந்தோம். அந்த மூன்று நாளில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரைக்கு முதல்.

1980-இல் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 8087 என்று ஒரு சில்லை வெளியிட்டது. அதற்கு முன்பே வந்துவிட்ட 8086 என்னும் சில்லுக்கு இது கணக்குப்பிள்ளை. மூத்தவருக்கு முழு எண்களைக் கூட்டிப் பெருக்கத்தான் வரும். புள்ளி இங்கும் அங்கும் நகரக்கூடிய எண்களை, மிதவைப் புள்ளி எண்கள் என்கிறார்களே, அவற்றைக் கையாளக் கணக்குப்பிள்ளை வந்தார். அவருக்கு எட்டு அறை கொண்ட ஓர் அடுக்குப்பெட்டி. கணக்கெல்லாம் அதன் மேல்தட்டில்தான் நடக்கும். இந்தக் கணக்குப்பிள்ளை பிற்பாடு மூத்தவரின் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டார். இன்று நம் மேஜைகளில் இருக்கும் இன்டெல் வம்சத்துச் சில்லுகளிலும் அவருடைய கட்டளைகள் இருக்கின்றன.

அசெம்பிளி மொழி என்பது இப்படிப்பட்ட சில்லோடு தரகர் இல்லாமல் நேருக்கு நேர் பேசும் பாஷை. அந்தப் பாஷையில் 'ஐந்தின் இரண்டரையாவது அடுக்கு என்ன?' என்று 8087-ஐக் கேட்க ஒரு சொல் கிடையாது. தேடிப் பாருங்கள். கூட்டல் இருக்கிறது, வகுத்தல் இருக்கிறது, வர்க்கமூலம் இருக்கிறது. அடுக்கு இல்லை. இருப்பவை சில உதிரிச் சாமான்கள். எஃப்-ஒய்-எல்-டூ-எக்ஸ் என்று ஒரு கட்டளை: ஓர் எண்ணின் மடக்கையை, இரண்டை அடிமானமாகக் கொண்டு, எடுத்து இன்னோர் எண்ணால் பெருக்கித் தரும். எஃப்-ரவுண்ட்-இன்ட் என்று ஒன்று: முழு எண்ணாக்கும். எஃப்-ஸ்கேல் என்று ஒன்று: இரண்டின் முழு அடுக்கால் பெருக்கும். கடைசியாக நம் வழக்கின் கதாநாயகன், எஃப்-டூ-எக்ஸ்-எம்-ஒன்: இரண்டின் அடுக்கைக் கண்டு, அதிலிருந்து ஒன்றைக் கழித்துத் தரும். அதுவும் எந்த அடுக்குக்கும் அல்ல. 8087-இல் அடுக்கு பூஜ்யத்துக்குக் குறையக்கூடாது, அரைக்கு மேலும் போகக்கூடாது. 1987-இல் வந்த 80387-இல்தான் எல்லையைக் கழித்தல் ஒன்றிலிருந்து கூட்டல் ஒன்று வரை தாராளமாக்கினார்கள். எல்லைக்கு வெளியே கேட்டால் என்ன வரும்? 'விடை வரையறுக்கப்படவில்லை' என்று கையேட்டில் எழுதிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

இந்த உதிரிச் சாமான்களை வைத்து ஐந்தின் இரண்டரையாவது அடுக்கை எப்படிக் காண்பது? ஐந்தின் மடக்கையை எடு. இரண்டரையால் பெருக்கு. வந்ததை முழு எண் பகுதியாகவும் பின்னப் பகுதியாகவும் பிரி. பின்னத்துக்கு மட்டும் எதிர்மடக்கை எடு. முழு எண் பகுதியை வைத்துப் புள்ளியை நகர்த்து.

பதினொன்றாம் வகுப்பில் லாக் டேபிள் பார்த்தவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: இது என்ன புதிய வித்தையா? நாம் பத்தை வைத்துச் செய்தோம், சில்லு இரண்டை வைத்துச் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். புத்தகத்தில் பின்னங்களுக்கு மட்டும் அட்டவணை இருந்ததும், சில்லு பின்னத்தை மட்டும் கேட்பதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

இங்கே என் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை நினைக்காமல் மேலே போக முடியவில்லை. இரண்டின் நூறாம் அடுக்கை லாக் டேபிளில் காணச் சொன்னார். இரண்டின் லாக் 0.3010. நூறால் பெருக்கினால் 30.10. பின்னம் 0.10-க்கு எதிர்மடக்கை 1.259. ஆகவே விடை 1.259, அதோடு பத்தின் முப்பதாம் அடுக்கு. பெருமையாக எழுதிக் காட்டினேன். வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் இரண்டு, நான்கு, பதினாறு என்று வர்க்கத்துக்கு வர்க்கம் பெருக்கிக்கொண்டே போனார். கடைசியில் முப்பத்தொரு இலக்கத்தில் ஓர் எண் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நின்றது. அதன் முதல் நாலு இலக்கம் 1267. என்னுடையது 1259!

"புத்தகம் பொய் சொல்லிற்றா, நீ பொய் சொன்னாயா?" என்று கேட்டார்.

இருவரும் சொல்லவில்லை. 0.3010 என்பதில் புள்ளிக்கு வலப்பக்கம் நம்பத்தக்க இலக்கம் நாலு. நூறால் பெருக்கியதும் இரண்டு இலக்கம் புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டது. மிச்சம் இரண்டுதான். எதிர்மடக்கைக்கு அந்த இரண்டுதான் உணவு. ஏழு இலக்க அட்டவணை வைத்திருந்தால் 0.3010300 என்று எடுத்து 1.2676 வரை சரியாகச் சொல்லியிருக்கலாம். 'கடைசி விடையில் எத்தனை இலக்கம் வேண்டுமோ அதற்கு மேல் எத்தனை இலக்கத்தை நடுவில் சுமக்க வேண்டும் என்று முதலிலேயே யோசி' என்றார் வாத்தியார்.

8087-இன் எண்கணிதத்தை வகுக்க ஆலோசனை சொன்னவர் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் கஹான். மிதவைப் புள்ளி எண்களுக்கு 1985-இல் ஏற்பட்ட பொதுத் தரத்துக்கு மூலவர் என்று அவரைச் சொல்லலாம். 1989-இல் டூரிங் பரிசு பெற்றவர். அந்தச் சில்லில் வெளியே எழுதி வைக்கும் எண்ணுக்கு 53 இரும இலக்கத் துல்லியம். உள்ளே சுமக்கும் எண்ணுக்கு 64. நடுவில் இந்தப் பதினொரு இலக்கம் ஏன் உபரி? அடுக்குக் கணக்கில் முழு எண் பகுதி வந்து இலக்கங்களைத் தின்னும்போது, அதிகபட்சம் தின்னக்கூடியது ஏறக்குறைய அவ்வளவு. அந்தப் பசிக்கென்றே சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் வாத்தியார் பலகையில் காட்டியதும், பெர்க்லிப் பேராசிரியர் சிலிக்கானில் காட்டியதும் ஒரே கணக்கு. இதில் செத்தது எது? கொன்றது எது?

சரி, அந்த ஒன்றுக்கு வருவோம். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

மூட்டை தூக்கும் தராசில் மூக்குத்தியை நிறுக்க முடியுமா? மூக்குத்தி போட்ட அம்மாளை ஒரு தரமும், கழற்றிவிட்டு ஒரு தரமும் ஏற்றி இறக்கி, வித்தியாசத்தை எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு புத்திசாலி சொன்னால் நாம் சிரிப்போம். முள் அசையவே அசையாது. ஆனால் ஒன்றோடு மிகச் சிறிய எண்ணைக் கூட்டிச் சேமித்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் அதைத்தான் செய்கிறோம். 53 இலக்கத் துல்லியத்தில் ஒன்றோடு ஒரு கோடி கோடியில் நூற்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். வருவது ஒன்று. சுத்தமான ஒன்று. மூக்குத்தி போயே போயிற்று.

அடுக்கு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்போது இரண்டின் அடுக்கு ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும். அதில் செய்தி முழுவதும் ஒன்றைத் தாண்டிய துளியில்தான். சில்லு அந்த ஒன்றையும் சேர்த்துத் தந்தால் துளியின் இலக்கங்கள் கடைக்கோடியில் நசுங்கிப் போகும். பிறகு நாம் ஒன்றைக் கழித்தாலும் போனது திரும்பாது. ஆகவே மூக்குத்தியைக் கழற்றித் தனியே பொன் தராசில் நிறுத்துத் தருகிறது. அம்மாளின் எடை வேண்டுமானால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். பட்டணத்து நடுத்தரக் குடும்பத்தவருக்கு இன்னும் நெருக்கமாகச் சொல்வதானால், அசல் ஒரு ரூபாய். வளர்ந்த தொகையிலிருந்து அந்த ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது வட்டி!

கதையாகச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் மருமகனும் உட்கார்ந்து போட்ட கணக்கைக் கேளுங்கள். ஒரு லட்ச ரூபாய், வருஷத்துக்கு 6 சதவிகிதம், நிமிஷத்துக்கு நிமிஷம் வட்டியை அசலில் சேர்த்தால் வருஷ முடிவில் 1,06,183 ரூபாய் 65 காசு வர வேண்டும். கம்ப்யூட்டரில் 24 இரும இலக்கம் மட்டும் கொண்ட சிறிய வகை எண் ஒன்று உண்டு. இன்றும் ஏராளமாகப் புழங்குகிறது. நிமிஷ வட்டியை ஒன்றோடு கூட்டி அந்த எண்ணில் வைத்து, பிறகு 5,25,600-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் வருவது 1,06,466. எவனோ 282 ரூபாய் இனாம் கொடுத்துவிட்டான். பரவாயில்லை, லாபம்தானே என்கிறீர்களா? நிமிஷத்தை விட்டு விநாடிக்கு விநாடி சேர்த்துப் பாருங்கள். வருவது சரியாக ஒரு லட்சம். வட்டி காலணா கிடையாது! விநாடி வட்டி அவ்வளவு சிறியது. ஒன்றோடு கூட்டிய மாத்திரத்தில் மூக்குத்தி மறைந்தது. அடுக்குப் போடும் வரியில் ஒரு குற்றமும் இல்லை. கனவான் சொன்ன அந்த 'ஒரே ஒரு வரி' தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஒன்றை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதானே! தவறு அதற்கு முந்தின வரியில், கூட்டிய இடத்தில்.

8087-ஐ வகுத்தவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். எஃப்-ஒய்-எல்-டூ-எக்ஸ்-பி-ஒன் என்று இன்னொரு கட்டளை உண்டு. 'நீ ஒன்றைக் கூட்டாதே. சிறியதை அப்படியே கொடு. ஒன்றோடு கூட்டியிருந்தால் வந்திருக்கும் மடக்கையை நான் சொல்கிறேன்' என்கிறது. ஒன்று கூட்டாமல் உள்ளே போ. ஒன்று கழித்து வெளியே வா. வாசலுக்கு ஒன்றாக இரண்டு காவலாளிகள்.

இந்த ஞானம் எவ்வளவு பழையது தெரியுமா? 1624-இல் மடக்கை அட்டவணை வெளியிட்ட ஹென்றி பிரிக்ஸ் என்னும் ஆங்கிலேயர் பத்துக்கு வர்க்கமூலம், அதற்கு வர்க்கமூலம் என்று 54 தடவை கையால் எடுத்தார். கடைசியில் கிடைத்தது ஒன்று, புள்ளி, அதன் பிறகு பதினைந்து பூஜ்யம், அதன் பிறகுதான் 1278 என்று தொடங்கும் துளி. அந்தத் துளிக்காகத்தான் அவ்வளவு பாடும். அதை இன்றைய 53 இலக்க எண்ணில் ஒன்றோடு சேர்த்து வைத்தால் 1278 என்பது 2220 ஆகிவிடும். நானூறு வருஷத்துக்கு முந்தின இறகுப் பேனா ஜாக்கிரதையாகக் காப்பாற்றியதை நாம் ஒரு கூட்டல் குறியால் தொலைக்கிறோம். பிரிக்ஸின் வழியை ஒட்டியே 8087-இன் உள்ளேயும் சில மடக்கைகளை நிரந்தரமாகப் பொறித்து வைத்திருந்தார்கள். ஆம் ஐயா, லாக் டேபிள். சின்னதுதான், ஆனால் லாக் டேபிள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? 'இந்தக் கட்டளைகளே பழசாகிவிட்டன. இன்றைய மென்பொருள்கள் அடுக்கு போட அவற்றைக் கூப்பிடுவதில்லை' என்பார்கள். மெத்தச் சரி. மோட்டோரோலா கம்பெனி 1984-இல் கொண்டுவந்த 68881 என்னும் சில்லில் அடுக்குக் கணக்கை ஒரே கட்டளையாகப் போட்டிருந்தார்கள். 1990-இல் வந்த 68040-இல் அதை எடுத்துவிட்டு, மென்பொருளில் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். சாதாரண கூட்டலும் பெருக்கலும் அசுர வேகம் பெற்றுவிட்டதால் தனிக் கட்டளையைவிட நாமே சேர்த்துப் போடுவது சீக்கிரம் முடிகிறது. ஆனால் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பயன்படும் குனு சி நூலகத்தில் 2018-இல் அடுக்குக் கணக்கைப் புதிதாக எழுதினார்கள். அதன் நடுவில் இருப்பது ஓர் அட்டவணை: ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே 128 படிகள். பிரி, அட்டவணையைப் பார், மிச்சத் துளியைத் தனியே கணக்கிட்டுச் சேர், புள்ளியை நகர்த்து. கட்டளை செத்தது. அட்டவணை சாகவில்லை. கடைசி இலக்கத்தை எப்போதும் சரியாகச் சொல்வதிலுள்ள சங்கடத்துக்குக் கஹான் வைத்த பெயரே 'அட்டவணைக்காரனின் தர்மசங்கடம்' என்பதுதான்!

'எல்லோரும் உள்ளே பார்க்க வேண்டுமா?' என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். என் மனைவி மின்சார அடுப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. (சொன்னாலும் நடக்காது.) ஆனால் அடுப்பு செய்யப் படிக்கிற பையனிடமே 'உள்ளே பார்க்காதே' என்பது என்ன நியாயம்? 1994-இல் பென்டியம் சில்லு வகுத்தலில் தவறுவதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், விடை ஒத்துவரவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்த்தார். சில்லிலுள்ள ஓர் அட்டவணையில் சில கட்டங்களை நிரப்பாமல் விட்டிருந்தது பிற்பாடு தெரிந்தது. இன்டெல்லுக்கு 47 கோடியே 50 லட்சம் டாலர் செலவு. 'உங்களுக்கு எதற்கு?' என்று அவரிடமும் யாராவது சொல்லியிருக்கலாம். நல்லவேளை, அவர் கேட்கிற ஆசாமி இல்லை.

மருமகனின் நோட்டுக்கு வருகிறேன். அவன் முகம் தொங்கியதற்குக் காரணம் அந்த ஒன்று மட்டுமல்ல. மடக்கையைப் பெருக்கிய பிறகு முழு எண்ணையும் பின்னத்தையும் பிரிக்க ஐந்தாறு வரி எழுதியிருந்தான் அல்லவா, அந்த வரிகளைச் சிவப்பு மையால் சுழித்து, 'அநாவசியம்' என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார் ஆசிரியர். மற்றப் பையன்கள் பிரிக்காமலே நேராகக் கதாநாயகனிடம் கொடுத்து, ஒன்றைக் கூட்டி, சரியான விடை காட்டிவிட்டார்களாம். சோதனைக்குக் கொடுத்த கணக்கு என்ன என்று கேட்டேன். இரண்டின் அரையாவது அடுக்கு. மடக்கைப் பெருக்கல் சரியாக அரை, எல்லைக்குள் அடங்குகிறது. விடை 1.414. எல்லோருக்கும் வந்தது.

"இரண்டின் மூன்றாம் அடுக்கைக் கேட்டிருந்தால்?" என்றேன்.

"கேட்டுப் பார்த்தேன் மாமா, அவர்கள் புரோகிராமில். எட்டைத் தவிர வேறு ஏதோ வருகிறது. என்னுடையதில் எட்டு வருகிறது."

"சாரிடம் காட்டினாயா?"

"காட்டினேன். 'பரீட்சையில் அரைதான் கேட்பார்கள்' என்றார்."

விடுமுறை முடிந்து அவன் போய்விட்டான். போன வாரம் தொலைபேசியில் விசாரித்தேன். இரண்டு மதிப்பெண் இன்னும் வரவில்லை.